ஒரு கோரில் ஓடுகிறது, எட்டு கோரில் நிற்கிறது: கார்டை மாற்றுவதற்கு முன்னால்

வணக்கம் நண்பரே,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு கோர் (அதாவது எட்டு பிராசசர்) உள்ள லினக்ஸ் சர்வர், அதில் இரண்டு போர்ட் உள்ள நெட்வொர்க் கார்டு. கார்டை இயக்கும் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு வந்தது இல்லை, கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி நீங்களே கம்பைல் செய்து போட்டது. இரவில் பேக்கப் ஓடும் நேரத்தில் நெட்வொர்க் நின்றுவிடுகிறது, கர்னல் பதிவில் 'நெட்டெவ் வாட்ச்டாக்: டிரான்ஸ்மிட் க்யூ 3 டைம்டு அவுட்' என்று ஒரு வரி விழுகிறது. சில நாள் நெட்வொர்க் மட்டும் போகிறது, சில நாள் மெஷினே உறைந்துபோய் பவர் பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது. நெட்வொர்க் போனால் இன்டர்ஃபேஸைத் தானாக இறக்கி ஏற்றுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறீர்கள். 'நோஎஸ்எம்பி' (ஒரே பிராசசரோடு ஓடச் சொல்லும் கர்னல் விருப்பம்) கொடுத்துத் துவக்கினால் பத்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. கூட வேலை செய்பவர் கார்டுதான் பழுது என்கிறார், மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஆனால் அந்த ஸ்கிரிப்டை இன்றைக்கே நிறுத்துங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன், முதலில் நோஎஸ்எம்பி விஷயத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் நீங்கள் உங்கள் முடிவை எல்லாம் அதன் மேல்தான் கட்டியிருக்கிறீர்கள்.

நோஎஸ்எம்பி கொடுத்தால் ஒரே ஒரு பிராசசர் வேலை செய்யும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். அவ்வளவு மட்டும் இல்லை. இன்டரப்டுகளை, அதாவது 'என்னைக் கவனி' என்று சாதனங்கள் பிராசசருக்குத் தரும் அழைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் ஐஓ-ஏபிக்கையும் அது சேர்த்து அணைத்துவிடுகிறது, இன்டரப்ட் வந்து சேரும் பாதையே மாறிவிடுகிறது. அதோடு, இப்போதைய டிரைவர்கள் பெரும்பாலும் கோர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எத்தனை க்யூ (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) வைப்பது என்று முடிவு செய்யும், கோர் ஒன்று என்றால் க்யூவும் ஒன்றாகிவிடும். ஆக நீங்கள் ஒன்றை மாற்றியதாக நினைத்து மூன்றை மாற்றியிருக்கிறீர்கள்: பிராசசர், இன்டரப்ட் பாதை, க்யூ. பத்து நாள் நன்றாக ஓடியதற்கு மூன்றில் எது காரணம் என்று அந்தச் சோதனை சொல்லாது. அடுத்த தடவை 'மேக்ஸ்சிபியூஸ்=1' கொடுத்துப் பாருங்கள், அது ஐஓ-ஏபிக்கைத் தொடாது. (0 கொடுத்துவிடாதீர்கள், 0 என்றால் நோஎஸ்எம்பியேதான்.) அப்புறம் எட்டு கோரும் ஓடட்டும், க்யூவை மட்டும் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். கார்டின் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையில் பெரிய எல் விருப்பத்தோடு 'கம்பைண்டு 1' என்று கொடுத்தால் போதும், ரீபூட் கூட வேண்டாம். சில டிரைவர்கள் அனுப்பும் க்யூவையும் வாங்கும் க்யூவையும் தனித்தனியாக வைத்திருக்கும், அங்கே டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது. டிரைவர்கள் தங்கள் தரவைக் காப்பாற்ற ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. பூட்டு இன்னொருவரிடம் இருந்தால், கிடைக்கும்வரை அந்த பிராசசர் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரைவரில் இருக்கும் சாதாரணத் தவறு என்னவென்றால், இன்டரப்டை அணைக்காமலே பூட்டை எடுப்பது. பூட்டு கையில் இருக்கும்போது அதே பிராசசருக்கு அந்தக் கார்டின் இன்டரப்ட் வந்தால், இன்டரப்டைக் கவனிக்கும் பகுதியும் அதே பூட்டைக் கேட்கும். பூட்டை விட வேண்டிய வேலை கீழே நிற்கிறது, அதைக் கேட்கும் வேலை அதன் மேலே ஏறி நின்று சுற்றுகிறது, இரண்டும் ஒரே பிராசசரில். அது அங்கேயே முடிந்தது. பழைய காலத்தில் ஒரு பிராசசருக்கென்றே தனியாகக் கர்னல் கம்பைல் செய்வோம், அதில் ஸ்பின்லாக் என்பது ஒன்றுமே செய்யாத காலி வரியாகிவிடும் என்பதால் இந்தத் தவறு வெளியே தெரியாது. இப்போது உங்கள் டிஸ்ட்ரோ தரும் கர்னல் பல பிராசசருக்காகக் கம்பைல் செய்யப்பட்டது. அதை ஒரே கோரில் ஓடவிட்டாலும் பூட்டு பூட்டாகவே இருக்கும். சொல்லப்போனால் அந்த இன்டரப்ட் வேறு கோருக்குப் போக வழியே இல்லை, அதனால் இந்த வகைத் தவறு ஒரு கோரில் இன்னும் சீக்கிரமாக மாட்டும்.

உங்களுக்கு ஒரு கோரில் பிரச்சினை மறைந்துவிட்டது. அப்படியானால் மேலே சொன்ன வகை அநேகமாக இல்லை. இரண்டு பிராசசர்கள் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைத் தொடும்போது மட்டும் வரும் தவறுதான் என் முதல் சந்தேகம். இதை முதல் சந்தேகம் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு இல்லை.

அடுத்து உங்கள் வாட்ச்டாக் வரி. அனுப்பும் க்யூ ஒன்று நிறுத்தப்பட்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் யாரும் அதைத் திறக்கவில்லை என்றால் கர்னல் இப்படிக் கத்தும். டிரைவர் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அந்த நேரம் 5 விநாடி. கார்டு இறந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, க்யூ மூடியே கிடக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மூடியே கிடப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்களில், பல பிராசசர் மெஷினுக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டிரைவரிடம் பாக்கெட்டுகளை வைக்க ஒரு ரிங் இருக்கும். முதல் பிராசசர் பாக்கெட்டை வைக்கிறது, ரிங் நிரம்பிவிட்டதைப் பார்க்கிறது, சரி, க்யூவை நிறுத்தலாம் என்று முடிவு செய்கிறது. முடிவு செய்ததற்கும் நிறுத்தியதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், இரண்டாவது பிராசசரில் கார்டு அனுப்பி முடித்த பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்து ரிங்கைக் காலி செய்யும் வேலை ஓடுகிறது. காலி செய்துவிட்டுப் பார்க்கிறது, க்யூ நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நாம் எழுப்ப வேண்டிய தேவை இல்லை என்று போய்விடுகிறது. இப்போது முதல் பிராசசர் க்யூவை நிறுத்துகிறது. ரிங் காலி. அனுப்ப எதுவும் பாக்கி இல்லாததால் 'அனுப்பி முடித்தேன்' என்று சொல்லும் இன்டரப்டும் இனி வராது. எழுப்ப வேண்டியவர் ஏற்கெனவே வந்துபோய்விட்டார். க்யூ 3 அப்படியே கிடக்கும், 5 விநாடி கழித்து வாட்ச்டாக் கத்தும்.

இதற்கு மருந்து புதியது இல்லை. க்யூவை நிறுத்திய பிறகு ஒரு மெமரி பேரியர் (முன்னால் எழுதியது மற்ற பிராசசர்களுக்கும் தெரிந்த பிறகே அடுத்ததைப் படிக்க வைக்கும் கட்டளை) வைத்து, ரிங்கில் இடம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டும், இருந்தால் தானே எழுப்பிக்கொள்ள வேண்டும். காலி செய்யும் பக்கத்திலும் அதேபோல ஒரு பேரியர். கர்னலோடு வரும் நல்ல டிரைவர்கள் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். உங்களிடம் தயாரிப்பாளர் டிரைவரின் சோர்ஸ் இருக்கிறது, சி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'நெட்இஃப் ஸ்டாப் சப்க்யூ' அல்லது 'நெட்இஃப் டிஎக்ஸ் ஸ்டாப் க்யூ' என்ற அழைப்பு எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். அதற்கு அடுத்த நாலைந்து வரிகளில் மறுபடி இடம் பார்க்கும் சோதனை இல்லாமல் ஃபங்ஷன் முடிந்துவிட்டால் அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இது ஊகம்தானே, எப்படி உறுதி செய்வது? கர்னல் தன் நிலையைக் காட்டும் பிராக் அடைவில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பை க்யூ நின்ற உடனே ஒரு தடவை, பத்து விநாடி கழித்து ஒரு தடவை பிரதி எடுங்கள். க்யூவுக்கு ஒரு தனி இன்டரப்ட் வைக்க விடும் எம்எஸ்ஐ-எக்ஸ் முறையைப் பயன்படுத்தும் கார்டில் ஒவ்வொரு க்யூவுக்கும் ஒரு வரி இருக்கும், எந்தக் கோரில் எத்தனை என்று எண்ணிக்கையும் இருக்கும். க்யூ 3 நின்ற சமயத்தில் மற்ற வரிகள் ஏறிக்கொண்டே இருந்து, ஈத்டூலின் பெரிய எஸ் விருப்பம் காட்டும் கணக்கில் மற்ற க்யூக்கள் பாக்கெட் அனுப்பிக்கொண்டும் இருந்தால், கார்டு உயிரோடுதான் இருக்கிறது, தவறு டிரைவர் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லா வரியும் ஒரேயடியாக நின்றுபோயிருந்தால் அது வேறு கதை, கார்டோ அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரோ பிசிஐ இணைப்போ தூங்கிவிட்டிருக்கலாம். சிஸ் அடைவில் அந்த இன்டர்ஃபேஸின் க்யூஸ் பகுதிக்குள் ஒவ்வொரு அனுப்பும் க்யூவுக்கும் 'டிஎக்ஸ் டைம்அவுட்' என்ற எண் இருக்கும், அதையும் பாருங்கள். எப்போதும் 3 மட்டும்தானா, இல்லை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு க்யூவா? மாறி மாறி வந்தால் என் சந்தேகம் வலுக்கும். எப்போதும் 3 என்றால் அந்த இன்டரப்ட் போய்ச் சேரும் கோரில் வேறு என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்போது ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். சில நாள் நெட்வொர்க் மட்டும் போகிறது, சில நாள் மெஷினே உறைகிறது என்றீர்களே, இரண்டும் ஒரே வியாதி இல்லை என்று நினைக்கிறேன், முதலாவதற்குச் செய்யும் வைத்தியத்தால்தான் இரண்டாவது வருகிறது.

வாட்ச்டாக் கத்தியதும் கர்னல் டிரைவரை அழைத்து, நீயே பார்த்துச் சரிசெய் என்கிறது. டிரைவர் கார்டை ரீசெட் செய்யும் வேலையைத் தனியாக ஒரு ஒர்க்க்யூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில்) போட்டுவிடும், அந்த வேலை ஆர்டிநெட்லிங்க் பூட்டைக் கேட்கும். நெட்வொர்க் அமைப்பை மாற்றும் எல்லாரும் எடுக்க வேண்டிய பொதுப்பூட்டு அது. அதே நேரத்தில் உங்கள் ஸ்கிரிப்ட், நெட்வொர்க் போய்விட்டது என்று பார்த்து, இன்டர்ஃபேஸை இறக்கச் சொல்கிறது. இறக்கும் வேலை முதலில் ஆர்டிநெட்லிங்க் பூட்டை எடுத்துக்கொள்கிறது, பிறகு டிரைவருக்குள் போய், பாக்கி இருக்கும் ரீசெட் வேலை முடியட்டும் என்று காத்திருக்கிறது. ரீசெட் வேலையோ இந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. ஒருவருக்காக ஒருவர், முடிவே இல்லை. அதற்குப் பிறகு ஐபி கட்டளை எதைக் கொடுத்தாலும் அதுவும் போய் அந்த வரிசையில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் வெளியே இருந்து பார்ப்பவருக்கு மெஷினே செத்த மாதிரி இருக்கும். கவனமாக எழுதப்பட்ட டிரைவர்கள் இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கும். எல்லா டிரைவரும் அப்படி இல்லை.

அதனால்தான் ஸ்கிரிப்டை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய பிறகு மெஷின் உறைவது நின்று, நெட்வொர்க் மட்டும் போய் வந்துகொண்டிருந்தால் பாதிக் கணக்கு தீர்ந்தது.

உறைந்தது என்று நீங்கள் எழுதும்போது எது உறைந்தது என்று எழுதவில்லை. இது எனக்கு மிக முக்கியம், தயவுசெய்து அடுத்த தடவை பவர் பட்டனுக்குப் போவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், ஏனென்றால் பட்டனை அழுத்தியதும் ஆதாரம் எல்லாம் போய்விடும். மெஷினில் நேரடியாக இருக்கும் கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா? கன்சோலில் ஷெல் வேலை செய்கிறதா? 'ஐபி லிங்க்' கொடுத்தால் மட்டும் திரும்பி வராமல் நிற்கிறதா? ஷெல் இருந்து ஐபி மட்டும் நின்றால் அது மேலே சொன்ன ஆர்டிநெட்லிங்க் முடிச்சு, 120 விநாடிக்கு மேல் ஒரு வேலை நகராமல் கிடந்தால் கர்னலே பதிவில் அதன் பெயரையும் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்பதையும் எழுதும். ஷெல்லும் இல்லை, விளக்கும் மாறவில்லை என்றால் ஏதோ ஒரு பிராசசர் இன்டரப்டை அணைத்துக்கொண்டு எங்கேயோ சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். பொதுவான அமைப்பில் ஒரு கோர் 20 விநாடிக்கு மேல் வேறு வேலைக்கு வழிவிடாமல் இருந்தால் சாஃப்ட் லாக்கப் என்றும், 10 விநாடிக்கு மேல் இன்டரப்டையே கவனிக்காமல் இருந்தால் ஹார்ட் லாக்கப் என்றும் செய்தி வரும். அந்தச் செய்தியோடு சேர்ந்து வரும் ஸ்டாக் டிரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) முதல் பத்து வரி பத்து நாள் சோதனையை விடப் பெரியது.

கீபோர்டிலிருந்து நேரடியாகக் கர்னலுக்குக் கட்டளை கொடுக்க உதவும் மேஜிக் சிஸ்ஆர்க்யூவை முன்கூட்டியே திறந்து வையுங்கள், சிஸ்சிடிஎல்லில் கர்னல் சிஸ்ஆர்க்யூவுக்கு 1 கொடுத்தால் போதும். உறைந்த நேரத்தில் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளோடு எல் அழுத்தினால் ஒவ்வொரு கோரும் என்ன செய்கிறது என்று காட்டும், டபிள்யூ அழுத்தினால் காத்துக்கிடக்கும் வேலைகளைக் காட்டும். ஆனால் அந்தச் செய்திகள் போய்ச் சேர ஒரு இடம் வேண்டுமே. பலர், கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாக வேறு மெஷினுக்கு அனுப்பும் நெட்கன்சோல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், நல்ல கருவிதான், ஆனால் சந்தேகப்படும் கார்டு வழியாகவே அதை அனுப்பாதீர்கள். செத்த கார்டு செய்தி அனுப்பாது, அதோடு நெட்கன்சோல் டிரைவருக்குள் இன்னொரு வழியாக நுழைவதால் புதிதாக ஒரு முடிச்சையும் போட்டுவிடும். சீரியல் கன்சோல் வையுங்கள், 115200 வேகம். சர்வரின் மேலாண்மை போர்ட் வழியாக சீரியல் கிடைத்தாலும் சரி, அந்த மேலாண்மை போர்ட் இதே நெட்வொர்க் கார்டைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு படி போக முடிந்தால் கேடம்ப் (கர்னல் விழும்போது மெமரியைச் சேமிக்கும் வசதி) அமைத்து, சாஃப்ட் லாக்கப், ஹார்ட் லாக்கப் வந்தால் பேனிக் ஆகச் சொல்லிவிடுங்கள். மெஷின் தானாகவே மெமரியைச் சேமித்துவிட்டு எழுந்துகொள்ளும், இரவில் நீங்கள் ஓட வேண்டியதில்லை.

எனக்கு ஒரு அனுபவம் சொல்ல வேண்டும். பல வருடம் முன்னால் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வர் வாரத்துக்கு ஒரு தடவை உறைந்துபோகும். சுமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நடு இரவில் சும்மா இருக்கும்போதும் போகும். கார்டை மாற்றினோம், மதர்போர்டை மாற்றினோம், மூன்று வாரம் போனது. கடைசியில் சீரியல் கன்சோலில் ஒரே ஒரு டிரேஸ் கிடைத்தது: கண்காணிப்பு நிரல் ஒன்று சில விநாடிக்கு ஒரு முறை கார்டின் கணக்குகளைப் படிக்கும், அந்தக் கணக்கு எடுக்கும் ஃபங்ஷன் இன்டரப்டை அணைக்காமல் பூட்டை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வரி மாற்றத்தில் முடிந்தது. அந்த மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போகாமல் காவல் இருந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கும், முதல் நாளே ஒரு சீரியல் கேபிள் போட்டிருந்தால் அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

சோதனைக்கென்று ஒரு மெஷின் ஒதுக்க முடிந்தால் கர்னலின் பூட்டுச் சோதனைக் கருவியான லாக்டெப்பைப் பயன்படுத்துங்கள். 2006-ல் 2.6.18 கர்னலில் வந்தது, பல பிராசசர் சிக்கல்களில் இதைவிட உதவியான ஒன்றை நான் பார்த்ததில்லை. எந்தப் பூட்டு எந்தப் பூட்டுக்குப் பிறகு எடுக்கப்படுகிறது, எது இன்டரப்டுக்குள் எடுக்கப்படுகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்து, முரண் தெரிந்த உடனே சொல்லிவிடும். மெஷின் உண்மையில் உறைய வேண்டும் என்ற அவசியமே இல்லை, அந்த இரண்டு பாதையும் வேறு வேறு நேரத்தில் ஒவ்வொரு தடவை ஓடியிருந்தால் போதும். ஒர்க்க்யூ வேலைக்காகக் காத்திருப்பதையும் அது கணக்கில் எடுக்கும், அதனால் உங்கள் ஸ்கிரிப்டும் ரீசெட்டும் போடும் முடிச்சையும் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. 'புரூவ் லாக்கிங்' இயக்கப்பட்ட கர்னல் வேண்டும், சில டிஸ்ட்ரோக்கள் டிபக் கர்னல் என்று தனியாகவே தருகின்றன, டிரைவரை மட்டும் அதற்கு மறுபடி கம்பைல் செய்துகொள்ளுங்கள். மெதுவாக ஓடும், பயப்பட வேண்டாம். நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ இரண்டு திசையிலும் ஓடவிட்டு, கூடவே ஒரு பக்கம் கணக்கு படிப்பது, ஒரு பக்கம் இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றுவது, இடையிடையே எம்டியூ (பாக்கெட்டின் உச்ச அளவு) மாற்றுவது, ரிங் அளவை மாற்றுவது என்று போட்டுத் தாக்குங்கள். முதல் புகாரை எழுதியதும் லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும், ஆகவே முதல் புகார் மட்டும்தான் கிடைக்கும். அது வேறு ஏதாவது டிரைவரைப் பற்றியதாக இருந்தால் அந்த டிரைவரை எடுத்துவிட்டு ரீபூட் செய்து மறுபடி பாருங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பூட்டு சம்பந்தப்பட்டதைத்தான் லாக்டெப் பிடிக்கும். நான் மேலே விவரித்த க்யூ நிற்கும் தவறில் பூட்டே கிடையாது, அதை லாக்டெப் பார்க்காது.

கார்டு நிஜமாகவே பழுதாக இருக்க வாய்ப்பே இல்லையா? இருக்கிறது. பதிவில் பிசிஐஇ பிழைச் செய்திகள் வந்தாலோ, டிரைவர் ரிஜிஸ்டரைப் படிக்கும்போது எல்லாம் எஃப் எஃப் என்று திரும்பி வந்தாலோ கார்டு பஸ்ஸிலிருந்தே விலகியிருக்கலாம். அப்போதும் கார்டைக் கழற்றும் முன் 'பிசிஐஇ ஏஎஸ்பிஎம்=ஆஃப்' கொடுத்து ஒரு நாள் பாருங்கள், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அந்த வசதியால் விழும் கார்டுகள் உண்டு. 'நோபடி கேர்டு' என்ற செய்தி வந்தால், யாரும் பொறுப்பேற்காத இன்டரப்ட் தொடர்ந்து வந்ததால் கர்னல் அந்த வழியையே மூடிவிட்டது என்று அர்த்தம். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

கர்னலோடு வரும் டிரைவர் இந்தக் கார்டுக்கு இருக்கிறதா என்று ஏன் பார்க்கவில்லை? அநேகமாக இருக்கும். தயாரிப்பாளர் தளத்து டிரைவர் எண்ணில் புதியதாகத் தெரியும், ஆனால் கர்னலின் பூட்டு விதிகள் மாறும்போதெல்லாம் கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை விதியை மாற்றுபவர்களே திருத்திவிடுகிறார்கள், வெளியே இருக்கும் டிரைவரை யாரும் திருத்துவதில்லை. என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

இன்று இரவு பேக்கப் ஓட வேண்டுமே என்றால் இப்படிச் செய்யுங்கள். நோஎஸ்எம்பியை எடுத்துவிடுங்கள், எட்டு கோரும் வேலை செய்யட்டும். ஸ்கிரிப்டை நிறுத்துங்கள். கர்னல் டிரைவர் இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லாவிட்டால் இதே டிரைவரில் க்யூவை ஒன்றாக்குங்கள். ஒரு க்யூவிலும் அந்த இடைவெளித் தவறு வரலாம், ஆனால் இன்டரப்டுகளைக் கோர்களுக்கு இடையே மாற்றிக்கொண்டே இருக்கும் ஐஆர்க்யூ பேலன்ஸை நிறுத்தி, அந்த இன்டரப்டை ஒரே கோரில் கட்டி, பேக்கப் நிரலையும் டாஸ்க்செட் வைத்து அதே கோரில் ஓடவிட்டால் அனுப்புவதும் காலி செய்வதும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கும், வாய்ப்பு வெகுவாகக் குறையும். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அடுத்த தடவை நின்றால் எனக்கு இன்டரப்ட்ஸ் கோப்பின் இரண்டு பிரதி, ஈத்டூலின் சின்ன ஐ விருப்பம் காட்டும் டிரைவர், ஃபர்ம்வேர் பதிப்பு, கர்னல் பதிப்பு, வாட்ச்டாக் வரிக்கு முன்னும் பின்னும் ஐம்பது வரிப் பதிவு, இவ்வளவும் அனுப்புங்கள். பதிவை வெட்டிச் சுருக்காமல் அப்படியே அனுப்புங்கள், போன தடவை நீங்கள் அனுப்பியதில் டிரேஸ் தொடங்கும் வரிக்கு மேலே உள்ளதைக் காணவில்லை.